ஒரு முகப்பு, நான்கு நேரம்: பிராக் நகரின் வானியல் கடிகாரத்தைப் படிப்பது எப்படி?

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில், பழைய நகரச் சதுக்கத்தின் நகரமன்றக் கோபுரத்தில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை ஓர்லோய் என்கிறார்கள். காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை, ஒவ்வொரு மணிக்கும் அதன் முன்னால் கூட்டம் சேருகிறது. மணி அடித்ததும் மேலே இரண்டு சிறு ஜன்னல்கள் திறக்கின்றன. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் உருவங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. கடைசியில் ஒரு சேவல் கூவுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது, எல்லாம் முடிந்துவிடும். இதற்கா இவ்வளவு நேரம் நின்றோம் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் ஏமாற்றம் தரும் சுற்றுலா இடங்கள் என்று இணையத்தில் வரும் பட்டியல்களில் இந்தக் கடிகாரத்துக்கும் அடிக்கடி ஓர் இடம் கிடைக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜூன் மாதம் ஒரு பிற்பகலில் போனில் மணி 3 என்று இருக்கும். கடிகாரத்தின் தங்க முள்ளோ 2-ஐக் காட்டும். அதே முள், வெளி வளையத்தில் 17-க்கும் 18-க்கும் நடுவே நிற்கும். கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நகர்பவர்கள் நிறைய.

கடிகாரம் கெடவில்லை. அந்த மூன்று எண்களுமே சரியானவை. பொம்மைகளின் ஊர்வலம் பின்னால் வந்த அலங்காரம். உண்மையான அதிசயம், நாள் முழுவதும் கண்ணெதிரே அசைந்துகொண்டிருக்கும் அந்த முகப்புதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். அதற்கான விளக்கம் இது.

## முதலில் அடிப்படை: மூன்று அடுக்குகள்

கோபுரத்தின் தென்சுவரில் மேலிருந்து கீழாக மூன்று பகுதிகள் இருக்கின்றன.

1. சீடர்களின் உருவங்கள் வந்துபோகும் ஜன்னல்கள்.
2. நடுவில் வானியல் முகப்பு. நீலம், செம்மஞ்சள், கறுப்பு நிறங்களின் மேல் தங்கக் கோடுகள், வளையங்கள், முட்கள்.
3. கீழே நாட்காட்டித் தட்டு. ஆண்டின் நாட்கள் விளிம்பில், பன்னிரண்டு மாதங்களின் ஓவியங்கள் உள்ளே.

இவை ஒரே காலத்தில் வந்தவை அல்ல. நடு முகப்புதான் மூத்தது. 1410 அக்டோபர் 9 தேதியிட்ட ஓர் ஆவணத்தில் இந்தக் கடிகாரம் முதன்முதலாகக் குறிப்பிடப்படுகிறது. செய்தவர் காதான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கலைஞர். வானியல் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தவர் யான் ஷிண்டெல் என்று கருதப்படுகிறது. 1348-இல் தொடங்கப்பட்ட பிராக்கின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்தவர் அவர். நாட்காட்டித் தட்டு ஏறக்குறைய 1490-இல் சேர்ந்தது. அசையும் பொம்மைகள் அதற்கும் வெகுகாலம் கழித்து வந்தன. சேவல் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆக, இன்று கூட்டம் காத்திருந்து பார்ப்பது கடிகாரத்தின் வயதில் மிக இளைய பகுதியை.

இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது.

## வானத்தை எப்படித் தட்டையாக்கினார்கள்?

நடு முகப்பு அடிப்படையில் ஓர் ஆஸ்ட்ரோலேப். வான கோளத்தை ஒரு தட்டையான தகட்டில் வரைந்து, சூரியனும் நட்சத்திரங்களும் எப்போது எங்கே இருக்கும் என்று கணக்கிட உதவும் கருவி அது. கிரேக்கர்கள் காலத்தில் தோன்றி, அரபு அறிஞர்கள் கையில் செம்மையாகி, ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கையடக்கமான அந்தக் கருவியைப் பெரிதாக்கி, எடையால் இயங்கும் பொறியோடு இணைத்துச் சுவரில் ஏற்றியதுதான் பிராக்கில் நடந்தது.

உருண்டையான வானத்தைத் தட்டையாக்க ஒரு வழி வேண்டும். வான கோளத்தின் வட துருவத்தில் ஒரு கண்ணை வைத்து, அங்கிருந்து எல்லாவற்றையும் நடுக்கோட்டின் (பூமத்திய ரேகையின்) தளத்தில் விழும்படி வரைந்தால் வட்டங்கள் வட்டங்களாகவே விழும். அதனால்தான் முகப்பில் இத்தனை வட்டங்களும் வில்களும் இருக்கின்றன. மையத்தைச் சுற்றி மூன்று தங்க வட்டங்களைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது மகர ரேகை, நடுவில் இருப்பது நடுக்கோடு, வெளியே இருப்பது கடக ரேகை. கோடையில் சூரியச் சின்னம் வெளி வட்டத்தை ஒட்டி ஓடும். குளிர்காலத்தில் மையத்தை நெருங்கி ஓடும்.

நடுவில் உள்ள சிறிய நீல வட்டம் பூமி. எல்லாம் பூமியைச் சுற்றுவதாகக் காட்டும் முகப்பு இது. 1410-இல் வேறு விதமாக நினைக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பூமியிலிருந்து வானம் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டுவதற்கு இன்றும் இந்த அமைப்பே வசதியானது.

பின்புல நிறங்களுக்கு வருவோம். மேலே உள்ள நீலம் பகல். கீழே உள்ள கறுப்பு வட்டம் முழு இரவு. இரண்டுக்கும் இடையே செம்மஞ்சள் பகுதி விடியலும் அந்தியும். இடது பக்கத்தில் விடியலுக்கும் சூரிய உதயத்துக்கும், வலது பக்கத்தில் அஸ்தமனத்துக்கும் அந்திக்கும் லத்தீன் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன: ஆரோரா, ஓர்டுஸ், ஓக்காசுஸ், கிரெபுஸ்குலும். தங்க முள்ளில் பொருத்திய சூரியச் சின்னம் இடதுபுறம் செம்மஞ்சளிலிருந்து நீலத்துக்குள் நுழையும் கணம், பிராக்கில் சூரியன் உதிக்கும் கணம்.

கறுப்பு வட்டத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகைக்கு மேல் இறங்கினால்தான் வானியல் கணக்கில் முழு இரவு. பிராக் வடக்கே 50 பாகையில் இருக்கும் ஊர். ஜூன் மாதம் நள்ளிரவில்கூட அங்கே சூரியன் பதினாறரை பாகை அளவுக்குத்தான் கீழே போகிறது. அதனால் ஜூன் முழுவதும், ஜூலை முற்பாதி வரையிலும், சூரியச் சின்னம் கறுப்பு வட்டத்தைத் தொடாமலே சுற்றி வந்துவிடும். அந்த நாட்களில் பிராக்கின் வடவானத்தில் நள்ளிரவிலும் மங்கிய ஒரு வெளிச்சம் மிச்சமிருக்கும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பொம்மைகளைவிடப் பெரிய வியப்பு.

## ஒரே முகப்பில் நான்கு நேரங்கள்

இனி எண்களைப் படிக்கலாம். நுனியில் சிறு கை உருவம் உள்ள தங்க முள் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. உச்சியில் நின்றால் நண்பகல், அடியில் நின்றால் நள்ளிரவு.

1. இன்றைய நேரம். ரோமன் எண்கள் 1 முதல் 12 வரை இரண்டு முறை எழுதப்பட்டிருக்கின்றன. தங்கக் கை காட்டும் ரோமன் எண்ணே மணி. இப்போது அது மத்திய ஐரோப்பிய நேரத்தைக் காட்டுகிறது. கோடையில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். இந்த முள்ளைத் தள்ளினால் சூரியனின் இடம் தப்பிவிடும் என்பதால் இதைத் தொடுவதில்லை. எனவே மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். போனில் 3, முள்ளில் 2 என்ற குழப்பம் இத்துடன் தீர்ந்தது.

2. பழைய செக் நேரம். வெளியே கறுப்பு வளையத்தில் பழைய கோதிக் பாணியில் 1 முதல் 24 வரை எண்கள் இருக்கின்றன. பிராக்கைத் தலைநகராகக் கொண்ட அன்றைய போஹேமிய நாட்டில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்கியது. சூரியன் மறையும்போது மணி 24. அங்கிருந்து மறுபடி 1. அஸ்தமன நேரம் தினமும் மாறுவதால் இந்த வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே நண்பகலை இரண்டு மாதங்களில் வைத்துப் பார்ப்போம். டிசம்பர் பிற்பாதியில் பிராக்கில் சூரியன் மாலை 4 மணியளவில் மறைகிறது. அதனால் மறுநாள் நண்பகலில் முள் 20-ஐக் காட்டும். ஜூன் பிற்பாதியில் அஸ்தமனம், கோடை நேரத்தைக் கழித்துவிட்டுச் சொன்னால், இரவு 8.15 சுமார். அப்போது நண்பகலில் முள் 16-ஐ நெருங்கி நிற்கும்.

இப்படி எண்ணுவதில் என்ன லாபம்? 24-இலிருந்து முள் காட்டும் எண்ணைக் கழித்தால், இருட்ட இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டிசம்பர் நண்பகலில் நான்கு மணி நேரம், ஜூன் நண்பகலில் எட்டு மணி நேரம். விளக்கு எரிக்க எண்ணெயும் மெழுகும் செலவாகும் காலத்தில் கொல்லருக்கும் தச்சருக்கும் வழிப்போக்கருக்கும் வேண்டியது அந்த எண்தான். இப்போது மணி என்ன என்பதைவிட, இன்னும் எவ்வளவு வெளிச்சம் பாக்கி என்பதே அவர்களுடைய கேள்வி.

3. பகலைப் பன்னிரண்டாகப் பங்கிடும் நேரம். நீலப் பகுதியில் வளைந்த தங்கக் கோடுகள் போகின்றன. அவற்றுக்கு 1 முதல் 12 வரை எண்கள் உண்டு. சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை, பகல் எவ்வளவு நீண்டாலும் சரி, பன்னிரண்டு சம பங்கு. பிராக்கில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம். எனவே இந்தக் கணக்கில் ஒரு 'மணி' ஜூனில் 80 நிமிடத்தைத் தாண்டும், டிசம்பரில் 40 நிமிடமாகச் சுருங்கும். இதற்கு முள் நுனியைப் பார்க்கக் கூடாது. சூரியச் சின்னம் எந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ராகுகாலத்தைச் சுத்தமாகக் கணிப்பவர்கள் அன்றைய பகலை எட்டாகப் பங்கிடுகிறார்கள். பகலுக்குப் பன்னிரண்டு ஓரை என்பதும் இதே மரபின் கிளை. உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள் நாம். பழைய செக் மக்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். இயந்திரக் கடிகாரம் பரவும் வரை உலகின் பெரும்பகுதியில் நாளைத் தொடங்கி வைத்தது சூரியன்தான். நள்ளிரவு என்ற, கண்ணால் பார்க்க முடியாத ஒரு புள்ளியில் நாளைத் தொடங்குவது பின்னால் பரவலான பழக்கம்.

4. நட்சத்திர நேரம். ராசி வளையத்தில் ஒரு சிறு தங்க நட்சத்திரம் பொருத்தியிருக்கிறார்கள். அது ரோமன் எண்களின் மேல் காட்டுவது நட்சத்திர நேரம். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால், ஒரு நட்சத்திரம் மறுபடி அதே இடத்துக்கு வர 24 மணி நேரம் ஆவதில்லை. 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் வந்துவிடுகிறது. தினமும் அந்த நான்கு நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஆண்டு முடிவில் ஒரு முழு நாள் வித்தியாசமாகிறது. இரவில் வானத்தை ஆராய்பவர்களுக்கு மட்டுமே தேவைப்படும் இந்த நேரத்தை, சந்தைக்கு நடுவே எல்லாரும் பார்க்க வைத்தார்கள்.

## ராசி வளையம்: நம் பஞ்சாங்கத்தோடு ஏன் ஒத்துப்போவதில்லை?

மையம் விலகிச் சுற்றும் வளையத்தில் பன்னிரண்டு ராசிகளின் குறிகள் இருக்கின்றன. சூரியச் சின்னம் இந்த வளையத்தின் மேல் தினமும் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் சுற்றி வருகிறது. சூரியன் இப்போது எந்த ராசியில் என்று நேராகவே படித்துவிடலாம். சந்திரனும் அப்படித்தான்.

தமிழ்ப் பஞ்சாங்கம் தெரிந்தவர் ஏப்ரல் முதல் வாரத்தில் அங்கே நின்றால் திகைப்பார். நமக்கு அது பங்குனி, சூரியன் மீனத்தில். பிராக் கடிகாரமோ மேஷம் என்கிறது. காரணம் இதுதான்:

1. மேற்கத்திய மரபில், பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21-இல் சூரியன் நிற்கும் புள்ளியே மேஷத்தின் தொடக்கம். இது சாயன முறை.
2. நம் பஞ்சாங்கங்கள் நட்சத்திரங்களை வைத்து ராசிகளைப் பிரிக்கின்றன. இது நிரயன முறை.
3. பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல மெல்லத் தள்ளாடுவதால், அந்தச் சமநாள் புள்ளி நட்சத்திரங்களின் பின்னணியில் நகர்ந்துகொண்டே போகிறது. இரண்டு கணக்குக்கும் இடைவெளி இன்று சுமார் 24 பாகை. அதைத்தான் அயனாம்சம் என்கிறோம்.

மார்ச் பிற்பாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடையே உள்ள மூன்றரை வார வித்தியாசம் அதுதான். பிராக்கில் நின்று நம் ராசியைத் தெரிந்துகொள்ள விரும்பினால், வளையத்தில் 24 பாகை பின்னால் போய்ப் படிக்க வேண்டும்.

## உள்ளே: மூன்று பெரிய சக்கரங்கள்

இத்தனையையும் இயக்குவது ஒரே அச்சில் உள்ள மூன்று பெரிய பல்சக்கரங்கள். அளவில் ஒன்றுபோல இருக்கும் அவற்றுக்குப் பற்களின் எண்ணிக்கை மட்டும் வேறு: 365, 366, 379. மூன்றையும் ஒரே வேகத்தில் தள்ளினால், பல் குறைந்த சக்கரம் சற்று வேகமாகவும் பல் கூடியது சற்று மெதுவாகவும் சுற்றும். கணக்கு இப்படிப் போகிறது:

1. 366 பல் உள்ள சக்கரம் சூரிய முள்ளைச் சுற்றுகிறது. ஒரு நாளுக்கு ஒரு சுற்று.
2. 365 பல் உள்ளது ராசி வளையத்தைச் சுற்றுகிறது. சூரிய முள் 365 சுற்று முடிக்கும்போது இது 366 சுற்று முடித்திருக்கும். நட்சத்திர நாளின் நான்கு நிமிட வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.
3. 379 பல் உள்ளது சந்திர முள்ளுக்கு. இது தினமும் கொஞ்சம் பின்தங்கி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் மறுபடி சூரியனோடு சேர்கிறது.

சந்திரன் பாதி வெள்ளி நிறமும் பாதி கறுப்புமான ஓர் உருண்டை. முள் சுற்றும்போது உருண்டைக்குள் இருக்கும் எடை புவியீர்ப்பால் தொங்கியபடியே நின்று, உள்ளே உள்ள பற்களை மெல்ல நகர்த்துகிறது. அதனாலேயே உருண்டை தானாகத் திரும்பி வளர்பிறையையும் தேய்பிறையையும் காட்டுகிறது.

இந்தக் கணக்கு முழுத் துல்லியம் கொண்டதன்று. சந்திரச் சக்கரத்தின் பற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.15 நாள் வரும். உண்மையில் சராசரி 29.53 நாள். ராசி வளையத்துக்கும் நாட்காட்டித் தட்டுக்கும் ஆண்டு 365 நாள்தான், லீப் ஆண்டு கிடையாது. இந்தப் பிழைகளை அவ்வப்போது ஒரு மனிதர் கைப்பட நேர்செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவரை ஓர்லோய்னிக் என்று அழைக்கிறார்கள்.

## ஆள் இல்லாதபோது நின்றுபோன கடிகாரம்

கடிகாரத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு மனிதரைச் சுற்றியே ஓடுகிறது. பொறியைப் புரிந்தவர் இருந்த காலங்களில் அது ஓடியது. அவர் போனபின் அடுத்தவர் கிடைக்காத காலங்களில் ஆண்டுக்கணக்கில் நின்றது. 16ஆம் நூற்றாண்டில் யான் தாபோர்ஸ்கி என்பவர் அதைப் பராமரித்து, அதன் இயக்கத்தை விரிவாக எழுதியும் வைத்தார். கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்று அவர் எழுதிவிட்டார். அந்தத் தவறு நானூறு ஆண்டுகள் நிலைத்தது.

வழிகாட்டிகள் இன்றும் சொல்லும் கதை அதிலிருந்து வளர்ந்ததுதான். இன்னொரு நகரத்துக்கும் இப்படி ஒன்று செய்துவிடக் கூடாது என்று நகரசபைக்காரர்கள் ஹனுஷின் கண்களைக் குருடாக்கினார்கள். அவர் பழிக்குப் பழியாகப் பொறிக்குள் கையை விட்டு அதை நிறுத்தினார் என்பது கதை. 1410 ஆவணம் மிக்குலாஷைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. ஹனுஷ் பல பத்தாண்டுகள் கழித்து, நாட்காட்டித் தட்டு வந்த காலத்தில் வாழ்ந்தவர். கண்ணைப் பிடுங்கியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் புரிந்தவரை இழந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்ற உண்மையைத்தான் அந்தக் கதை தன் வழியில் சொல்லியிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய இரும்பாகத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பேசும் நிலைக்கு வந்தது. 1860களில் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். பிறகு 1945 மே மாதம் நடந்ததுதான் மிகக் கொடியது. பிராக் மக்கள் ஜெர்மன் படைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த நாட்களில் நகரமன்றம் தாக்கப்பட்டு எரிந்தது. மர உருவங்களும் நாட்காட்டித் தட்டும் தீயில் போயின. கடிகாரம் மீண்டும் ஓடியது 1948-இல். இன்று ஜன்னலில் தெரியும் சீடர்களின் உருவங்கள், அப்போது வொய்தேக் சுகார்தா என்ற சிற்பி செதுக்கியவை. கடைசிப் பெரும் சீரமைப்பு 2018-இல் நடந்தது. போருக்குப் பின் வைத்த மின் இயக்கத்தை அகற்றிவிட்டு 1860களின் இயந்திர அமைப்புக்கே திரும்பினார்கள்.

## 2022 சர்ச்சை: நகல் என்றால் என்ன?

அந்தச் சீரமைப்பு நான்கு ஆண்டுகள் கழித்து உலகச் செய்தியானது. கீழே உள்ள நாட்காட்டித் தட்டுக்கு 1866-இல் பன்னிரண்டு மாதங்களின் கிராம வாழ்க்கையை வரைந்தவர் யோசெஃப் மானெஸ், செக் மக்கள் மிகவும் மதிக்கும் ஓவியர். அவருடைய மூல ஓவியம் வெயிலும் மழையும் படக்கூடாது என்று முன்பே இறக்கப்பட்டு, பிராக் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சுவரில் இருப்பவை அதன்பின் எப்போதும் நகல்கள்தான். 1945-இல் எரிந்ததும் ஒரு நகலே.

2018-இல் ஏற்றிய புதிய நகலில் உருவங்களின் முகம், வயது, உடை எல்லாம் மாறியிருக்கின்றன என்று பாரம்பரியக் காவலர்கள் 2022-இல் புகார் எழுப்பினார்கள். தனக்குத் தெரிந்தவர்களின் முகங்களை ஓவியர் வரைந்துவிட்டார் என்ற சந்தேகமும் கிளம்பியது. நான்கு ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அந்தத் தட்டுக்கு எதிரே நின்றார்கள்; எல்லாருடைய கண்ணும் மேலே இருந்த ஜன்னல்களில்.

பொம்மைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானியல் முகப்பின் இரு பக்கமும் நிற்கும் நான்கு உருவங்களில் எலும்புக்கூடு மரணம். மணியை இழுப்பது அதுதான். கண்ணாடி பார்ப்பவர் தற்பெருமை. பணப்பை பிடித்தவர் பேராசை. நான்காமவர் துருக்கியர் உடையில் இருப்பவர். பணப்பைக்காரர் உருவம் யூதர்களைக் கேலி செய்யும் வடிவில் செய்யப்பட்டது. போருக்குப் பின் திருத்தினார்கள். துருக்கியர் உருவத்தில் ஒட்டோமான் படையெடுப்பு குறித்த பழைய அச்சம் தெரிகிறது. ஒரு நகரம் யாரை வெறுத்தது, எதற்குப் பயந்தது என்பதற்கும் இந்தச் சுவர் சாட்சி.

## கடிகாரத்திலிருந்து நகரத்துக்கு

நேரம் என்ற நூலைப் பிடித்துக்கொண்டால், பிராக்கின் மற்ற இடங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். எல்லாமே நடக்கும் தூரம்தான்.

சதுக்கத்தின் தரைக்கோடு. கடிகாரத்திலிருந்து சில அடிகள் நடந்தால், சதுக்கத்தின் தரையில் பதித்த உலோகப் பட்டை ஒன்று தெரியும். அது பிராக்கின் தீர்க்கரேகை. 1650-இல் அங்கே எழுப்பிய மரியாள் தூணின் நிழல் நண்பகலில் அந்தக் கோட்டில் விழும். நகரம் தன் நேரத்தை அதை வைத்துச் சரிபார்த்தது. அதுவரை நாட்டை ஆண்ட ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் சின்னம் என்று 1918 நவம்பரில் கூட்டம் அந்தத் தூணைச் சாய்த்தது. அதன் நகல் 2020-இல் மறுபடி எழுந்தது. பிராக் தன் நேர மண்டலத்தின் நடுக்கோட்டுக்குச் சற்று மேற்கே இருப்பதால், அங்கே உண்மையான நண்பகல் சராசரியாக 12 மணி 2 நிமிடத்துக்கு வருகிறது. பருவத்துக்கு ஏற்பக் கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும். கோடையில் போனைப் பார்த்து 12 மணிக்குப் போய் நின்றால் நிழல் கோட்டில் இருக்காது. 1 மணியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தீன் தேவாலயம். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது. அதற்குள் டைகோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது. தொலைநோக்கி வருவதற்கு முன் வெறும் கண்ணால் வானத்தை யாரும் அளக்காத துல்லியத்தில் அளந்தவர். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அழைப்பில் பிராக் வந்து, 1601-இல் இங்கேயே இறந்தார். அவருடைய அளவீடுகளை வைத்துத்தான், அவரோடு வேலை செய்ய வந்த யோஹன்னஸ் கெப்ளர், கோள்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்து 1609-இல் வெளியிட்டார். பூமியை நடுவில் வைத்த கடிகாரம் ஒரு பக்கம், அந்த எண்ணத்தையே அசைத்த அளவீடுகளின் சொந்தக்காரர் மறுபக்கம். இடையில் ஒரு சதுக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

யூத நகரமன்றம். யோசெஃபோவ் பகுதியில், பழைய-புதிய ஜெபக்கூடத்தின் பக்கத்தில். இதன் ஒரு கடிகாரத்தில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள். அந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால் முட்களும் எதிர்த்திசையில் சுற்றுகின்றன. வெளியிலிருந்தே பார்க்கலாம்.

கிளெமென்டினம். இயேசு சபையினரின் பழைய கல்லூரி. சார்லஸ் பாலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. இதன் வானியல் கோபுரத்தின் இருட்டறையில் ஒரு சிறு துளை வழியாக விழும் சூரிய ஒளி, தரையில் உள்ள கோட்டைத் தொடும்போது நண்பகல் என்று குறித்தார்கள். 1842 முதல் அந்தக் கணத்தில் கோபுரத்திலிருந்து கொடி அசைத்து நகரத்துக்கு நேரம் அறிவித்தார்கள். 1775-இல் தொடங்கிய தினசரி வெப்பநிலைப் பதிவு இன்று வரை இங்கே தொடர்கிறது. உலக வெப்பமாதலை ஆராய்பவர்களுக்கு இது ஓர் அரிய தொடர்.

இனி நடைமுறை. ஓர்லோய்க்கு முன்னால் மணி அடிக்கும் நேரத்தைத் தவிர்த்து, பத்து இருபது என்று இடைப்பட்ட நிமிடங்களில் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், முகப்பை நிதானமாகப் படிக்கலாம். முடிந்தால் அஸ்தமனத்துக்குச் சற்று முன் போய், அன்றைய அஸ்தமன நேரத்தைப் போனில் பார்த்துவைத்துக்கொண்டு, சூரியச் சின்னம் நீலத்தை விட்டு இறங்குவதையும் தங்கக் கை 24-ஐத் தொடுவதையும் பாருங்கள். சீடர்களின் உருவங்களை அருகே பார்க்க ஆசை இருந்தால் நகரமன்றத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே உள்ள சிற்றாலயத்துக்குப் போகலாம். அவை சுற்றுவது அங்கிருந்து தெரியும். கிளெமென்டினம் கோபுரத்துக்கு வழிகாட்டியோடு, குழுவாக மட்டுமே ஏற முடியும் என்பதால் அதற்கு நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்வது நல்லது.